சட்டம் படிக்காதவர் தீர்ப்புச் சொல்லலாமா?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீதித்துறைப் பாடத்தை நடத்தும்போது நாம் எல்லோரும் கரும்பலகையில் ஒரு படிக்கட்டு வரைவோம். மேலே உச்ச நீதிமன்றம், அடுத்து உயர் நீதிமன்றம், கீழே மாவட்ட நீதிமன்றங்கள். அந்தப் படிக்கட்டில் எங்கும் இடம்பெறாத ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் சட்டம் படிக்காதவர், கறுப்பு அங்கி அணியாதவர். ஆனாலும் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் உட்காருகிறவர். ஆங்கிலேயச் சட்டம் இவரை இன்றும் நம்புகிறது. நம் நாடு இவரை ஒரு காலத்தில் ஏற்றது, பிறகு வேண்டாம் என்றது, இப்போது வேறொரு வாசல் வழியாக மீண்டும் அழைத்திருக்கிறது. அந்த வாசல் குழந்தைகளின் வாசல். ஆகவே, இது ஆசிரியர்களுக்கும் உரிய செய்தி.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கே குற்ற வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களிலேயே முடிந்துவிடுகின்றன. அங்கே அமரும் மாஜிஸ்திரேட்டுகளில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத சாதாரணக் குடிமக்கள். கடைக்காரர், செவிலியர், ஆசிரியர் என்று யாரும் அந்த இருக்கைக்கு வரலாம். வழக்கமாக மூவர் சேர்ந்து அமர்வார்கள். சட்ட நுணுக்கத்தை எடுத்துச் சொல்ல, சட்டம் படித்த ஆலோசகர் ஒருவர் அருகில் இருப்பார். இந்த ஏற்பாட்டின் வேர் 1361ஆம் ஆண்டுச் சட்டம் வரை போகிறது. கடுமையான குற்றங்களை 12 பேர் கொண்ட ஜூரி விசாரிக்கும். 12 பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்ற விதி 1967இல் தளர்ந்து, 10 பேர் ஒத்துக்கொண்டாலும் போதும் என்று ஆனது.

இதன் பலம் என்ன? 1670இல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு அதைச் சொல்லிவிடும். வில்லியம் பென், வில்லியம் மீட் என்ற இருவர் தெருவில் சமயப் பிரசங்கம் செய்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். குற்றவாளிகள் என்று சொல்லும்படி நீதிபதி ஜூரியை நெருக்கினார். சோறு தண்ணீர் இல்லாமல் அடைத்து வைத்தார்கள். ஜூரி மசியவில்லை. அவர்களுக்கு அபராதம் விதித்தார்கள். எட்வர்ட் புஷல் என்ற ஜூரர் அதைக் கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். தீர்ப்புச் சொன்னதற்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்று தலைமை நீதிபதி வான் முடிவு சொன்னார். அரசாங்கத்தின் கோபத்துக்கும் ஒரு குடிமகனுக்கும் நடுவே பன்னிரண்டு சாதாரண மனிதர்கள் சுவராக நிற்க முடியும் என்பது அன்று நிலைபெற்றது.

அந்த முறை கப்பலேறி நம் சென்னைக்கு வந்தது. இந்தியாவில் ஜூரி விசாரணையின் வரலாறு நம் கோட்டையில்தான் தொடங்குகிறது. 1665இல் புனித ஜார்ஜ் கோட்டையில் அசென்ஷியா டாஸ் என்ற பெண்மணி, தன்னிடம் அடிமையாக இருந்த பணிப்பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். ஜூரியில் 12 பேர், ஆங்கிலேயரும் போர்த்துக்கீசியரும். அவர்கள் அந்த அம்மாளை விடுதலை செய்தார்கள்.

நண்பர்களே, இந்த இரண்டு வழக்குகளுக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். இரண்டிலும் ஜூரி விடுதலைதான் செய்தது. லண்டனில் அது அதிகாரத்திடமிருந்து எளியவரைக் காத்தது. சென்னையில்? இறந்து போனவள் ஓர் அடிமைப் பெண். அவளுடைய மொழியைப் பேசுகிறவர், அவளைப் போல வாழ்ந்தவர் ஒருவராவது அந்தப் பன்னிருவரில் இருந்தாரா? சட்டம் படிக்காதவர் தீர்ப்புச் சொல்லலாமா என்று கேட்பதற்கு முன்னால், சட்டம் படிக்காதவர்களில் யார் யார் அந்த இருக்கையில் உட்காருகிறார்கள் என்று கேட்க வேண்டும். இங்கிலாந்திலேயே பெண்களுக்கு அந்த இருக்கை 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. சொத்துத் தகுதி 1970களின் தொடக்கம் வரை இருந்தது.

நம் பழைய சபைகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பெருமையோடு நடத்துகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. முப்பது குடும்புகள், குடவோலை, ஓலையை எடுக்க ஒரு சிறுவன். கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. வாரியத்தில் இருந்தவர் மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன் இவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது வியப்புத்தான். ஆனால் அதே கல்வெட்டு, வரி கட்டும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் கேட்கிறது. நிலமற்றவரும் பெண்களும் அந்தக் குடத்துக்கு அருகில் வர முடியவில்லை. மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் வரலாறு.

இனி நம் பகுதிக்கு வருவோம். வடசென்னைப் பெரியவர்கள் இன்றும் மறக்காத வழக்கு ஆளவந்தார் கொலை வழக்கு. 1952 ஆகஸ்டில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியில் தலையில்லாத உடல், இராயபுரம் கடற்கரையில் தலை. மருத்துவக் கல்லூரி நிபுணர்கள் இரண்டும் ஒருவருடையவையே என்று நிறுவினார்கள். 1953இல் உயர் நீதிமன்றத்தில் ஜூரி முன்னால் விசாரணை நடந்தது. இங்கே ஜூரியின் இன்னொரு பலத்தைப் பார்க்கலாம். எலும்பையும் பல்லையும் பற்றிய மருத்துவச் சான்றை, மருத்துவம் தெரியாதவர்களுக்குப் புரியும்படி சொல்லியாக வேண்டும். கேட்பவர் சாதாரண மனிதர் என்றால், நிபுணரும் வழக்கறிஞரும் மேகத்திலிருந்து தரைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். நம் வகுப்பறை நமக்குச் செய்வதும் அதுதானே!

பலவீனத்துக்கும் சென்னையே சாட்சி. லட்சுமிகாந்தன் வழக்கு. திரை நட்சத்திரங்களைப் பற்றி வம்பு எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8இல் வேப்பேரியில் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஊரே இரண்டாகப் பிரிந்து பேசிய வழக்கு. 1945இல் ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் என்றது. ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. லண்டன் பிரிவி கவுன்சில் வழக்கை மறு விசாரணைக்குத் திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை. வெளியே வந்த பாகவதருக்குப் பழைய புகழ் திரும்பவேயில்லை.

அந்த ஜூரி ஏன் அப்படி முடிவு செய்தது? யாருக்கும் தெரியாது. ஜூரி காரணம் சொல்வதில்லை. நீதிபதி தவறாகத் தீர்ப்பளித்தால், எந்தப் பத்தியில் எந்த வாதம் பிசகியது என்று விரல் வைத்துக் காட்டலாம். ஜூரியின் தீர்ப்பு ஒரு சொல்லில், அதிகம் போனால் இரண்டு சொல்லில் முடிந்துவிடும். காரணம் எழுதாத தீர்ப்பைத் திருத்துவது கடினம்.

பிறகு 1959. பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற வழக்கு. பத்திரிகைகள் அவரை நாயகனாக்கின. ஜூரி 8க்கு 1 என்ற கணக்கில் குற்றவாளியில்லை என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1961இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்தியாவின் கடைசி ஜூரி வழக்கு இதுதான் என்று பல வழிகாட்டி நூல்களில் அச்சாகியிருக்கிறது. அது சரியல்ல. அதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணை நடந்தது. ஜூரி வேண்டாம் என்று சட்ட ஆணையம் 1958லேயே, அதாவது நானாவதி சுடுவதற்கு முந்தைய ஆண்டே, பரிந்துரைத்துவிட்டது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோதுதான் ஜூரிக்கு நாடு முழுவதும் விடை கொடுக்கப்பட்டது.

சட்டம் இயற்றும் இடத்திலும் சாதாரண மனிதர் இருக்கிறார். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினராக வழக்கறிஞர் பட்டம் தேவையில்லை. குடியுரிமையும் வயதும்தான் முக்கியம். அங்கும் இங்கும் அப்படித்தான். செருப்பு எங்கே கடிக்கிறது என்று அணிந்தவருக்குத்தான் தெரியும் என்பதே இதன் நியாயம். நம் கடற்கரையில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலை கூடாது, எப்போது கடலுக்குப் போகக் கூடாது என்று விதி செய்திருக்கின்றன. கடலை அறிந்தவர் செய்த விதி என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் மீன் விற்கும் பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் பேச்சு உண்டா? மாறுபட்டவரை ஊரை விட்டு விலக்கினால் அவர் எங்கே போய் முறையிடுவார்? இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத கூட்டத்துக்குத்தான் கட்டப் பஞ்சாயத்து என்று பெயர். 2011இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றைச் சட்டவிரோதம் என்று கடுமையாகக் கண்டித்தது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். சாதாரண மனிதரிடம் ஊர் அறிவு இருக்கிறது. அரசுக்கு அஞ்சாத துணிவு வரக்கூடும். மக்கள் மொழி இருக்கிறது. கூடவே, ஊர்ப் பேச்சில் அடித்துச் செல்லப்படும் ஆபத்தும், தன்னைப் போன்றவருக்கு இரங்கி மற்றவரை ஒதுக்கும் ஆபத்தும், காரணம் சொல்லாத பழக்கமும் இருக்கின்றன. பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஊரை அறிந்தவர் என்பது பலம். ஊரின் முன்முடிவுகளைச் சுமப்பவர் என்பது பலவீனம். இரண்டும் ஒரே ஆள்தான்.

அப்படியானால் பலத்தை வைத்துக்கொண்டு பலவீனத்தைக் கட்டுப்படுத்த வழி உண்டா? நம் சட்டம் ஒரு வழி சொல்லியிருக்கிறது. அதுதான் இளைஞர் நீதிக் குழுமம்.

இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறார்களுக்குத் தனிச் சட்டம் வந்தது நம் சென்னை மாகாணத்தில், 1920இல். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் சமூகப் பணியாளர்கள் நீதிமன்றத்துக்கு உதவும் குழுவாக மட்டும் இருந்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைத் தீர்ப்பு மேசையிலேயே உட்கார வைத்தது. இன்று நடைமுறையில் உள்ள 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பான கல்வி, நலவாழ்வு, நலப் பணிகளில் குறைந்தது ஏழு ஆண்டு ஈடுபட்டவர்களும் குழந்தை உளவியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்றுத் தொழில் செய்பவர்களும் இதற்கு வரலாம். சென்னையில் கெல்லீஸ் என்றால் கூர்நோக்கு இல்லம் என்று மட்டும்தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். இந்த மேசையையும் நினைவில் வையுங்கள்.

கருத்து வேறுபாடு வந்தால் என்ன ஆகும்? பெரும்பான்மை முடிவே செல்லும் என்கிறது சட்டம். அதாவது, சமூகப் பணியாளர் இருவரும் ஒரு பக்கம், மாஜிஸ்திரேட் ஒரு பக்கம் என்றால், இருவர் சொன்னதுதான் நிற்கும். பெரும்பான்மை இல்லாவிட்டால்தான் மாஜிஸ்திரேட்டின் கருத்து. சட்டப் பட்டம் இல்லாத இருவர் நீதித்துறை அதிகாரியை மீறி முடிவெடுக்கலாம்! ஆனால் மூன்று கடிவாளங்கள் இங்கே உண்டு. ஒன்று, பயிற்சி. பொறுப்பேற்ற 60 நாளுக்குள், மாஜிஸ்திரேட் உட்பட எல்லோருக்கும் தரப்பட வேண்டும். இரண்டு, அறிக்கையும் எழுத்தும். குழந்தையின் வீடு, பள்ளி, சூழல் பற்றிய சமூகப் புலனாய்வு அறிக்கையைப் பார்த்து, எழுத்தில் ஆணையிட வேண்டும். மூன்று, மேல்முறையீடு. 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இனி நம் பங்கு. அந்த அறிக்கையைத் தயாரிக்க நன்னடத்தை அலுவலர் பள்ளிக்கும் வருவார். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவன் ஒருவனுக்காக அப்படி ஒருவர் வந்தார். மாணவனின் பெயரையும் வகுப்பையும் சொல்ல மாட்டேன்; அடையாளம் தெரியும்படி வெளியிடுவதைச் சட்டமும் தடுக்கிறது. செல்போன் திருட்டுப் புகார். ஆசிரியர் அறையில் உடனே எழுந்த குரல், ‘அவன் தினமும் லேட் சார், பொறுப்பே கிடையாது’ என்பது. இன்னொரு ஆசிரியை பேசாமல் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்தார். அவன் தாமதமாக வந்த நாள்களுக்கு எதிரே மேலும் இரண்டு பெயர்கள். மூவரும் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் குழந்தைகள். கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு ரயில் நின்றுவிட்டால், ஆம்புலன்ஸே காத்துக் கிடக்கும். தேர்வு நாளில் அவன் ஒருமுறைகூட விடுப்பு எடுத்ததில்லை என்பதும் அதே பதிவேட்டில் இருந்தது.

அந்த அலுவலர் எழுதிக்கொண்டது பதிவேட்டில் இருந்ததை. பையனுக்கு ஆலோசனையும் கண்காணிப்பும் என்று ஆணையாயிற்று. பள்ளிக்குத் திரும்பி வந்தான், பத்தாம் வகுப்புத் தேர்வும் எழுதினான். அவன் குற்றம் செய்தானா இல்லையா என்பது நம் வேலையல்ல. நாம் தரும் சொல் உண்மையா, ஊர்ப் பேச்சா என்பதுதான் நம் வேலை. ‘லேட்டு, பொறுப்பில்லை’ என்பது ஊர்ப் பேச்சு. ‘கேட்டு மூடியிருந்த நாளில் தாமதம்’ என்பது ஊர் அறிவு. இரண்டையும் சொன்னவர்கள் ஒரே அறையில் இருந்த ஆசிரியர்கள்தான். வித்தியாசம் ஒரு பதிவேடு.

‘அந்த ஏரியாப் பையன்’ என்று நம் பகுதிக் குழந்தைகளைச் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று முகவரி சொன்னாலே முகம் மாறுகிறவர்கள் உண்டு. வெளியார் அப்படிச் சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது. அதே சொல் ஆசிரியர் அறையில் புழங்கக் கூடாது.

நண்பர்களே, யோசித்துப் பாருங்கள். நாம் ஒவ்வொருவரும் சட்டம் படிக்காத நீதிபதிகள்தான். பேனா காணாமல் போன வழக்கு, பெஞ்சைக் கீறிய வழக்கு, தலைமுடியை இழுத்த வழக்கு என்று நாளுக்கு எத்தனை! புகார் எழுதுபவர், விசாரிப்பவர், தீர்ப்பளிப்பவர், தண்டனையை நிறைவேற்றுபவர் எல்லாம் ஒரே ஆள். இவ்வளவு அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கும் கிடையாது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை யாரையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அந்த எல்லைக்கு உள்ளே எஞ்சியிருப்பதை நம் நடுவுநிலைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழுமத்துக்கு உள்ள கடிவாளங்களை வகுப்பறைக்கும் போட்டுக்கொள்ளலாம். முடிவு சொல்லும் முன் இரு பக்கமும் கேட்பது. முடிவோடு காரணத்தையும் ஒரு வரியில் குறித்து வைப்பது; தனியாக ஒரு நோட்டுப் போதும். ‘இது சரியில்லை’ என்று மாணவர் சொல்ல நினைத்தால், வகுப்பாசிரியர் அல்லாத இன்னொருவரிடம் போக ஒரு வழி வைப்பது.

விதி செய்வதிலும் அவர்களைச் சேர்க்கலாம். எங்கள் வகுப்பில் தாமதத்துக்கு என்ன விதி என்று மாணவர்களையே எழுதச் சொன்னேன். முதல் வரைவில், தாமதமானால் நாள் முழுக்க வெளியே நிற்க வேண்டும் என்று எழுதினார்கள், நம்மைவிடக் கடுமை! கேட்டுக்கு அந்தப் பக்கத்து மாணவி எழுந்து பேசிய பிறகு, முதல் பாடவேளையின் குறிப்பை மதிய இடைவேளையில் எழுதி முடிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். பாதிக்கப்படுகிறவர் அறைக்குள் இருந்தார், பேச இடம் இருந்தது, விதி திருந்தியது. சட்டமன்றம் எதற்கு என்ற பாடத்தை அதற்குப் பிறகு நடத்துவது எளிதாக இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். கையெழுத்து வாங்கி அனுப்புவதோடு அந்தக் கூட்டத்தை முடித்துவிடாமல், தாய்மார்களைப் பேச விடுவோம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பணி நிறைவு பெறும் மூத்த ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். இளைஞர் நீதிக் குழுமத்துக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்கும் உறுப்பினர்கள் தேவை என்று அரசு அறிவிப்பு வரும்போது அதைப் படித்துப் பாருங்கள். முப்பது ஆண்டு குழந்தைகளோடு இருந்தவரின் கண் அந்த மேசைக்குத் தேவை. பணியில் இருப்பவர்கள், நன்னடத்தை அலுவலர் வாசலில் வந்து நிற்கும் நாளுக்காக இன்றே பதிவேடுகளை உண்மையாக எழுதி வைப்போம். அவர் கேட்கும்போது நினைவிலிருந்து பேசாமல், அதைத் திறந்து காட்டுவோம்.